ஒண்டிக்கடையிலிருந்து அரிச்சல்முனைக்கு

சேலத்திலிருந்து வரும் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து ஏற்காட்டில் நிற்கும் இடம் ஒண்டிக்கடை. ஒரு ரவுண்டானா, அதைச் சுற்றிப் பிரியும் சாலைகள், டீக்கடைகள், மிளகும் காபித்தூளும் தைலமும் விற்கும் கடைகள், கூப்பிடு தூரத்தில் ஏரி. மே மாதக் கோடை விழாவின்போது இங்கே கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் போனது தை கடைசி. வெயில் ஏறும்வரை பனி விலகவில்லை. டீக்கடை பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அந்த பெஞ்சுகளில் ஒன்றில்தான் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் டீ கிளாஸை வைத்தோம்.

கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கடல் பயணத்துக்குத் திட்டம் போட்டதற்குக் காரணம் உண்டு. கூட வருகிற இருவரும் இந்த மலையில் இருப்பவர்கள். ஒருவர் காபி எஸ்டேட்டில் மேற்பார்வை பார்க்கிறார். இன்னொருவர் பள்ளி ஆசிரியர். நான் சேலம். மூவருக்குமே நீச்சல் தெரியும், ஆற்றில் பரிசல் ஏறிய பழக்கம் உண்டு. கயாக்கில் ஒரு தீவைச் சுற்றி வர வேண்டும், இரவானால் கரையேறிக் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. கயாக் ஒடுக்கமான, நீளமான படகு. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு முனையிலும் தட்டை உள்ள ஒரே துடுப்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். முன்னும் பின்னும் சாமான் வைக்க இடம் இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களில் பலர் புலாவ் உபின் தீவை இப்படிச் சுற்றியிருப்பார்கள். பத்து சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவு, கூடாரம் அடிப்பதற்கென்றே ஒதுக்கிய இடங்கள். நம் கடலில் அப்படி ஒரு தீவு எது என்பதுதான் கேள்வி.

வரைபடத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுபவை மன்னார் வளைகுடாவின் தீவுகள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை வரிசையாக 21 தீவுகள். வெள்ளை மணல், பவளப்பாறை, ஆள் நடமாட்டம் கிடையாது. கயாக் பயணத்துக்கென்றே செய்து வைத்தது போலத் தோன்றும். ஆனால் 1986 முதல் இவை கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது. கூடாரம் அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தத் தடையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல வருடங்கள் பவளப்பாறையை வெட்டி எடுத்த கடல் இது. அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போன பிறகு பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றின் மணலில் நம் கூடாரத்தின் ஆணி இறங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அந்தத் தீவுகள் அத்தனையையும் பென்சிலால் அடித்தோம்.

அடித்த பிறகு மிஞ்சியது ராமேஸ்வரம் தீவு. மக்கள் வாழும் தீவு, ஆஸ்பத்திரியும் சாலையும் உள்ள தீவு. பாம்பனிலிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலையில் முப்பது கிலோமீட்டர். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கரையையும் கூட்டிப் பார்த்தால் அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. சாமான் ஏற்றிய கயாக் மணிக்கு நாலு அல்லது ஐந்து கிலோமீட்டர் போகும். விடிந்ததும் கிளம்பி, கடற்காற்று எழும்புவதற்கு முன், பத்து மணிக்குள் கரையேறிவிட்டால் ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர். பகல்களின் கணக்கு அந்த டீ ஆறுவதற்குள் முடிந்தது.

இரவுகளின் கணக்குதான் முடியவில்லை. எங்கே தங்குவது என்று ஆசிரியர் கேட்டார். நான் விரலால் கரையோரமாக ஒரு கோடு இழுத்து, "இங்க எல்லாம் கடற்கரைதானே" என்றேன். எஸ்டேட்காரர் ஒண்டிக்கடையைச் சுற்றிக் கையைக் காட்டினார். "இங்க எல்லாம் மலைதானே சார். எங்க அடிப்பீங்க கூடாரத்த?"

அவர் கேட்டது சரி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபிச் செடியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்தச் சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. எஸ்டேட் இல்லாத இடம் காப்புக்காடு. அதுவும் இல்லாத இடம் மலையாளிப் பழங்குடிகளின் ஊர், அவர்கள் சாமையும் கேழ்வரகும் விதைக்கும் நிலம், அவர்கள் சாமி இருக்கும் சோலை. பார்வைக்குப் பச்சையாக, ஒரே வெளியாகத் தெரிகிறது. ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் உண்டு. கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் அடித்தால் நாயும் வரும், ஆளும் வரும்.

அன்றே வரைபடத்தில் வேலையைத் தலைகீழாக மாற்றினோம். முதலில் இரவுகள். எந்தக் கரையில் தங்கலாம், அந்தக் கரை யாருடையது, யாரிடம் கேட்க வேண்டும். அது முடிவான பிறகு அந்தக் கரைகளுக்கு நடுவே எவ்வளவு துடுப்புப் போடுவது என்று பார்ப்பது. தீவுப் பயணம் போக நினைக்கும் யாரும் இந்த வரிசையில் யோசிப்பது நல்லது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். படகு வாங்குவதைப் பற்றியும் துடுப்பின் எடையைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுகிறோம். கால் வைக்கப் போகும் மண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எஸ்டேட் துரையிடம் கேட்டு, சில்வர் ஓக் மரங்களின் நடுவே ஒரு சமதரையில் அன்றிரவு கூடாரம் அடித்தோம். ஒத்திகைக்கு ஏற்காட்டின் தை மாதக் குளிர் நல்ல ஆசிரியன். உள்ளே படுத்திருந்தவர்கள் விட்ட மூச்சே விடியற்காலையில் துணியின் உட்பக்கம் துளித்துளியாகக் கோத்து நின்று, யாராவது புரண்டால் முகத்தில் விழுந்தது. குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க மூடியதன் பலன் அது. கடற்கரையில் குளிர் இருக்காது, ஆனால் உப்பு ஈரம் இருக்கும். எதிரெதிராக இரண்டு வாயில் உள்ள கூடாரம், இரண்டையும் வலை மட்டும் போட்டுத் திறந்து வைப்பது என்று அங்கேயே முடிவானது.

காலையில் ஏரிக்குப் போனோம். ஏற்காடு ஏரி பெரிய ஏரி இல்லை. நிரம்பினால் வழிகிற தண்ணீர் கிளியூர் அருவியாக விழும். படகு இல்லத்தில் துடுப்புப் படகு எடுத்தோம். அங்கிருந்த ஊழியர் எங்கள் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். என்னுடையது காது வரை வந்தது. "இது தண்ணில உங்கள விட்டுட்டு தனியா மிதக்கும்ணா" என்று சொல்லி இடுப்பு வாரை இறுக்கிவிட்டார். கடலுக்குப் போகுமுன் நான் கற்றுக்கொண்ட பாடங்களில் இதைவிட உருப்படியானது இல்லை.

தண்ணீர் நிரப்பிய கேன்களை மடியோரம் வைத்துக்கொண்டு எடையை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் நாலு லிட்டர். வெயிலில் துடுப்புப் போட்டால் அதுவும் போதாது. சமையலையும் சேர்த்தால் சாமான்களிலேயே அதிக எடை தண்ணீருக்குத்தான். எடை முன்பக்கம் இருந்தால் படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது. பின்பக்கம் இருந்தால் வால் அமிழ்ந்து, மூக்கு காற்று தள்ளும் பக்கம் ஓடுகிறது. நடுவில், தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக வைத்தால்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மலை இடுக்கிலிருந்து காற்று புகுந்து ஏரியின் மேல் சுருக்கம் விழும்போதெல்லாம் இதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. சாப்பாட்டுக்கு எஸ்டேட்காரர் மலைச் சாமை கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டார். முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு சாமைக் கஞ்சி, அவல், பொட்டுக்கடலை, வெல்லம்.

மாசி மாதத்தில் கீழே இறங்கினோம். துடுப்பு இல்லை, படகு இல்லை. தீவின் கரைகளைக் காலால் நடந்து, அங்கங்கே உள்ளவர்களைக் கேட்டு வரும் பயணம். சேலத்திலிருந்து மதுரை, மதுரையிலிருந்து ராமநாதபுரம்.

நேரே தீவுக்குப் போகாமல் முதலில் காரங்காட்டுக்குப் போனோம். தொண்டிப் பக்கம் உள்ள மீனவக் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகுச் சவாரியும் கயாக்கும் நடத்துகிறார்கள். உள்ளூர்ப் பையன்கள் கூட வருகிறார்கள். அசையாத தண்ணீர், இரு பக்கமும் வேர், தலைக்கு மேல் கொக்கும் நாரையும். கயாக்கில் புதிதாக உட்காருபவர் கடலில் தொடங்காமல் இங்கே தொடங்கலாம். தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பழகுவதற்கும் இதுவே இடம். கவிழ்ந்த கயாக்கில் ஏறுவதற்கு வலிமை வேண்டாம், முறை வேண்டும். வயிறு படகின் குறுக்கே விழ வேண்டும், காலைப் பின்னால் உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், உட்காருவதைப் பற்றிக் கடைசியில்தான் நினைக்க வேண்டும்.

பாம்பனில் இறங்கியதும் பாலத்துக்குக் கீழே போய் நின்றோம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். மேலே நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பாலம் தெரிகிறது. கீழே நிற்கும்போது தெரிவது தண்ணீரின் ஓட்டம். இரண்டு கடல்களும் இந்தக் குறுகிய வாசல் வழியாக ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குகின்றன. வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். தென்மேற்குக் காற்றான கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே. தீவைச் சுற்றுவது என்றால் இந்த வாசலை ஒரு தடவை கடந்தே ஆக வேண்டும்.

வல்லம் என்கிற நாட்டுப்படகின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். படகு என்ன நீளம், எவ்வளவு அகலம் என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் வலையைப் பார்த்தார்.

"பங்குனில வாங்க தம்பி. வாடையும் அடங்கிருக்கும், கச்சானும் எந்திரிச்சிருக்காது. நீவாடு மட்டா இருக்கும்." நீவாடு என்றது நீரோட்டத்தை.

"பாலத்துக்குக் கீழ எப்படிய்யா போறது?"

"தூணப் பாக்காதீங்க. தூணப் பாத்தா தூணுக்குத்தான் போவீக. ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்க தண்ணியப் பாத்துப் போங்க."

இந்தப் பக்கத்து மக்கள் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். முன்னது பெரும்பாலும் கொந்தளிப்பு, பின்னது பெரும்பாலும் அமைதி. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பெரியவர் விடவில்லை. ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பினால் வடகடல் எந்தக் கடலுக்கும் சளைத்தது இல்லை என்றார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலும் வாடைக் காலத்துப் புயல்தான். பயணிகளோடு வந்த ரயிலையும் அது விட்டுவைக்கவில்லை. இந்தத் தீவில் காற்றைப் பற்றிப் பேசும்போது எல்லோர் குரலும் ஒரு படி இறங்குவதற்கு அந்த நினைவும் காரணமாக இருக்க வேண்டும்.

தீவில் காற்றை நம்பி இன்னொரு விளையாட்டும் நடக்கிறது. பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் நின்று கடல்மேல் சறுக்குபவர்கள் இங்கே நிறைய வருகிறார்கள். அவர்கள் எந்த மாதங்களைத் தேடி வருகிறார்களோ, அந்த மாதங்களில் கயாக்காரர் வரக் கூடாது. காற்றின் நாட்காட்டியைப் படிக்க அது ஒரு நல்ல வழி. பங்குனி என்பதற்கு எங்களுக்கு வேறொரு சாட்சியும் கிடைத்தது. 1966இல் நீச்சல் வீரர் மிஹிர் சென் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தது ஏப்ரல் முதல் வாரத்தில். நீந்துகிறவர் தேர்ந்தெடுத்த நாட்களை நம்பலாம். அவருக்குத் துணையாகக் கடற்படைக் கப்பல் வந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொண்டோம்.

வடகரையில் நடந்தபோது வாரத்தின் கிழமைகளும் திட்டத்துக்குள் வந்தன. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. விசைப்படகுகள் கிளம்பும் நாளில் ராமேஸ்வரம் பக்கம் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நேரத்தில் வெளியேறும். அந்த நேரத்தில், தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் கயாக்கைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே வடகரை நாட்டுப்படகுக் கிழமையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகே இருக்காதே என்று ஆசிரியர் சொன்னார். ஆனால் அதற்குள் தென்காற்று தலைதூக்கிவிடும், தென்கரை கிடைக்காது.

தங்கச்சிமடம் எங்களுக்கு முதல் இரவைக் கொடுத்தது. ஊருக்குள் நுழைந்ததுமே மல்லிகை நாற்றுகள். மணலில் பாத்தி கட்டி, குச்சிகளை நெருக்கமாக ஊன்றி வேர்பிடிக்க வைத்து, கட்டுக்கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். நாற்றங்காலை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரம்மா வாசலில் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தன பேருப்பா? பொம்பளைங்க உண்டா?"

"மூணு ஆம்பளைங்கம்மா. ஒரு ராத்திரி. காலைல வெளிச்சம் வரும்போது போயிருவோம்."

"தோப்புல படுங்க. காய் விழுகிற மரத்தடில படுக்காதீங்க. குடிக்கக் கூடாதுப்பா. பாத்திக்குள்ள கால் வைக்கக் கூடாது."

கிணற்றுத் தண்ணீர் கேட்டோம். மொண்டு கொடுத்தார். கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் உப்பே இல்லாத தண்ணீர். இந்தத் தீவின் மணலுக்குள் மழைநீர் தங்குகிறது. தனுஷ்கோடி மீனவர்கள் வெறும் கையால் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிப்பதும் இதனால்தான். எங்கள் படகில் தண்ணீரின் சுமை பாதியாகக் குறைந்தது.

மணலில் கூடாரம் நிறுத்தும் வித்தையையும் அங்கே ஒரு மீனவத் தம்பி காட்டிக் கொடுத்தார். ஏற்காட்டின் செம்மண்ணில் இறுகப் பிடித்த ஆணி இங்கே விரலால் இழுத்தால் வருகிறது. அவர் ஒரு சிறிய சாக்கில் மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மிதித்தார். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். முழு உடம்பையும் கொடுத்து இழுத்தும் அசையவில்லை. ஆணிகள் அத்தனையையும் வீட்டில் விட்டுவிட்டு, காலிச் சாக்குகளைச் சுருட்டி எடுத்து வந்தால் போதும்.

அடுத்தது ஓலைக்குடா, அக்னி தீர்த்தம். யாத்ரீகர் கூட்டம் உள்ள கரையில் கூடாரத்துக்கு வேலை இல்லை. ராமேஸ்வரத்தில் அறை எடுத்துத் தங்குவது என்று முடிவு செய்தோம். அமாவாசையை மட்டும் தவிர்த்தால் சிரமம் இருக்காது.

தனுஷ்கோடியில்தான் எங்கள் ஆசைக்கும் நிலைமைக்கும் நேருக்கு நேர் மோதல். எந்தப் பயணியும் கூடாரம் அடிக்க ஆசைப்படும் கரை அது. இடிந்த தேவாலயம், இரு பக்கமும் கடல், இரவில் ஊர் விளக்கு எதுவும் கண்ணில் படாத வானம். மாலைக்கு மேல் வெளியாட்களை அங்கே இருக்க விடுவதில்லை. முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். நடுவே கடல் எல்லை ஓடுகிறது. நம் மீனவர்கள் அந்த எல்லையின் பெயரால் படும் பாட்டை இந்தக் கரையில் யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. அப்படிப்பட்ட கரையில், இரவில், பதிவில்லாத ஒரு புதுவகைப் படகோடு நிற்பவரை ரோந்துக்காரர் சந்தேகப்படுவது நியாயம். சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ளலாமா என்று முன்பு பேசியிருந்தோம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இந்தியாவில் குற்றம்; இந்தக் கரையில் கேட்கவே வேண்டாம். அதையும் அடித்தோம்.

காவலைவிட எனக்குப் பெரிதாகப்பட்ட காரணம் வேறு. தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடுகின்றன. வனத்துறையினர் விடியுமுன் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். எங்கள் டார்ச் ஒன்று போதும், ஏறி வந்த ஆமை திரும்பிப் போக. கரையின் ஓரமாக உள்ள சதுப்பில் பூநாரைகள் இறங்குகின்றன. 2025 ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாடு அரசு இங்கே 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. நாங்கள் போன காலையில் தண்ணீரின் நடுவே வெளிர் சிவப்பாக ஒரு கூட்டம் நின்றது. ஒவ்வொன்றும் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டே மெல்ல வட்டமடித்தது. யாரோ ஒருவர் செல்போனோடு நெருங்கியதும் மேய்ச்சல் நின்றது, கழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. எழுந்த கழுத்து திரும்பத் தாழ வெகுநேரம் ஆயிற்று. தனுஷ்கோடியில் இரவு இல்லை என்பதை நாங்கள் யாரும் விவாதிக்கவே இல்லை.

முனையைச் சுற்றுவதும் இல்லை. அரிச்சல்முனையில் இரண்டு கடலின் அலையும் எதிரெதிராக வந்து மோதும், நீரோட்டம் இழுக்கும், அதற்கப்பால் மணல் திட்டுகள், அப்பால் எல்லை. கயாக்கின் நல்ல குணம், அதைத் தூக்க முடியும் என்பது. முனைக்கு வெகு முன்பே தீவு மிகவும் ஒடுங்கி, சாலையின் இருபுறமும் கடல் தெரியும் இடம் வருகிறது. வடகரையில் ஏறி, படகைத் தோளில் சுமந்து சாலையைக் கடந்து, தென்கரையில் இறங்குவது. அதற்கும் வனத்துறையிடம் இடம் குறித்துக் கேட்டு, அவர்கள் காட்டும் வழியில்தான் சுமக்க வேண்டும். முகுந்தராயர் சத்திரத்தில் படகுகளை மீனவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு, பஸ் ஏறி ராமேஸ்வரத்துக்கே வந்து படுப்பது. தீவின் கடைசி முனையை நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இப்படிச் சுமந்து கடந்தால் தீவைச் சுற்றியதாக ஆகுமா என்று ஆசிரியர் கேட்டார். ஆகும் என்றே நான் நினைக்கிறேன். பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றோரம் நடப்பதும் ஆற்றுப் பயணத்தில் சேர்ந்ததுதான்.

தென்கரையின் கடைசி இரவுக்காகச் சின்னப்பாலத்துக்கும் குந்துகாலுக்கும் போனோம். 1897 ஜனவரி 26ஆம் தேதி விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கியது இந்தப் பக்கம். குந்துகாலில் நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு, பூங்காவின் எல்லை.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் கடலுக்குள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. ஒருவர் கிழிந்த துணியை நாடா நாடாவாகக் கிழித்து விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும்போது விரல் அறுபடாமல் இருக்க அது. கரையில் கூடாரம் அடிக்கலாமா என்று கேட்டபோது அவர் முடிச்சிலிருந்து வாயை எடுத்துவிட்டு, "பாசி காயப்போடுற எடத்த விட்டுட்டு எங்கேயும் போடுங்கண்ணே" என்றார். எங்கள் கண்ணுக்குச் சுத்தமான வெறும் மணலாகத் தெரிந்த இடம்தான் அந்தக் காயப்போடும் இடம். அவர் கை காட்டும்வரை நாங்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பெண்களுக்கும் பூங்காவின் எல்லை தினசரிப் பிரச்சினை. தலைமுறையாக மூச்சடக்கி இறங்கிய கடலில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று வனத்துறையோடு இழுபறி. பிழைப்புக்காக இறங்குபவர்களுக்கே மறுக்கப்படும் தண்ணீரில், பொழுதுபோக்க வருபவர்கள் எல்லையைத் தொட்டுக்கொண்டு போவது எனக்குக் கூச்சமாக இருந்தது. குந்துகாலை ஒட்டிய கடைசித் தூரத்தில் தீவின் பக்கமாகவே நெருங்கிப் போவது, குருசடைப் பக்கம் மூக்கைத் திருப்புவதே இல்லை என்று எழுதிக்கொண்டோம்.

ராமநாதபுரத்துக்குத் திரும்பியதும் கடிதங்கள் எழுத உட்கார்ந்தோம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் வன உயிரினக் காப்பாளருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு, மண்டபம் கடலோரக் காவல்படைக்கு, பாலத்தைக் கடப்பதற்காகப் பாம்பன் துறைமுக அலுவலகத்துக்கு. எல்லாவற்றிலும் ஒரே பயணத் திட்டம். முதல் நாள் குந்துகாலிலிருந்து கிளம்பி, கை களைக்காத காலையிலேயே பாலத்தைக் கடந்து, தங்கச்சிமடம் தோப்பு. பிறகு ஓலைக்குடா வழியாக ராமேஸ்வரம். அடுத்து தனுஷ்கோடிச் சுமப்பு, முகுந்தராயர் சத்திரம், இரவு மீண்டும் ராமேஸ்வரம். கடைசியாகத் தென்கரையின் நீண்ட ஓட்டம், சின்னப்பாலம். ஆசைப்பட்ட கூடார இரவுகளில் பாதிதான் தேறியது. அந்தப் பாதியும் கேட்டு வாங்கியது என்பதில் எனக்கு நிறைவு.

தென்கரைக்கு ஒரு நாட்டுப்படகு கூட வர வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. பாம்பன் பெரியவரிடமே போய்க் கேட்டோம். மகனை அனுப்புகிறேன் என்றவர், கொஞ்சம் யோசித்துத் தானே வருவதாக மாற்றிச் சொன்னார். ஒரு நிபந்தனை வைத்தார். காற்று மாறினால் கையைக் காட்டுவார். அந்த இடத்திலேயே துடுப்பை நிறுத்திக் கயாக்கை வல்லத்தில் கட்டிவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒத்துக்கொண்டோம். டீசல் செலவும் ஒரு நாள் தொழிலுக்கான கூலியும் பேசி முடித்து, அட்வான்ஸை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. ஆபீஸ்காரர்களின் கடிதம் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு போன் போடுங்கள், அன்றைக்குக் காற்றைப் பார்த்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார்.